8 தெர்மோகப்பிளில் 2 மட்டும் குதிக்கிறது: எங்கே வாங்கலாம்?

பிறை_சூளை
செவ்வாய், இரவு 9.12

வணக்கம். பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு சின்ன பவுடர் கோட்டிங் (உலோகத்தில் தூள் பெயின்ட் பூசி அடுப்பில் வேகவைப்பது) பட்டறையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் அடுப்பு பழைய ஜப்பானிய அடுப்பு. இன்னொரு தொழிற்சாலை மூடியபோது முதலாளி மலிவாக வாங்கிப் போட்டது. போன மாதம் ஒரு வாடிக்கையாளர் ஒவ்வொரு லோடுக்கும் வெப்பநிலைப் பதிவு வேண்டும் என்று சொன்னதால் 8 சேனல் டேட்டா லாகர் ஒன்று வாங்கி மாட்டினோம். எல்லாம் கே டைப் தெர்மோகப்பிள், அதாவது இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்த வெப்ப சென்சார்.

பிரச்சினை 7, 8 ஆகிய சேனல்களில். 1 முதல் 6 வரை ஒன்றோடொன்று 3 டிகிரிக்குள் ஒத்துப்போகின்றன. மதியம் 160 பக்கம் நிற்கின்றன. 7, 8 மட்டும் 185க்கும் 210க்கும் நடுவில் தவளை மாதிரி குதிக்கின்றன. அந்த இரண்டும் போன வருடம் மாற்றிய புது சென்சார்கள். கழற்றி வீசிவிட்டு வேறு வாங்கு என்கிறார் முதலாளி. பினாங்கில் நல்ல கே டைப் எங்கே கிடைக்கும்?

அடுப்பின் கன்ட்ரோலர் 200இல் இருக்கிறது. அதற்குத் தனி சென்சார், அதை நாங்கள் தொடவில்லை.


தே_ஓ_கோசோங்
செவ்வாய், இரவு 9.40

கோலாலம்பூரில் என்றால் ஜாலான் பாசார் பக்கம் போய்த் தேடு என்பேன். பினாங்கு ஆட்கள் சொல்லட்டும். ஆனால் தம்பி, புதுசு கெட்டுப்போய் பழசு ஆறும் நன்றாக இருக்கிறதா? எங்கேயோ இடிக்கிறதே.


கம்பிவடம்
செவ்வாய், இரவு 10.25

வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள் தம்பி. கன்ட்ரோலர் 200 என்கிறது. ஆறு சேனல் 160 என்கின்றன. குதிக்கிற இரண்டும் சராசரியாக 198 பக்கம் வருகின்றன. இதில் யார் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டீர்களா? ஆறு பேர் ஒரே குரலில் சொல்வதால் அது உண்மை என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. ஆறையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே மாதிரி இணைத்திருந்தால் ஆறும் ஒரே மாதிரித்தான் தப்பும்.

நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். சென்சாரிலிருந்து லாகர் வரை ஒரே கம்பியா, நடுவில் கம்பிகளை இணைக்கும் ஜங்ஷன் பாக்ஸ் உண்டா? உண்டு என்றால் பாக்ஸ் எங்கே இருக்கிறது, லாகர் எங்கே இருக்கிறது? சென்சார் கம்பியின் நிறம் என்ன, பாக்ஸிலிருந்து போகும் கேபிளின் நிறம் என்ன? 160 என்பது நாள் முழுக்க 160தானா? கையடக்க மீட்டர் வைத்து அடுப்புக்குள் பார்த்தீர்களா?

இன்னொன்று. லாகரில் 1ஆம் சேனலின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, பிளஸ் மைனஸ் இரண்டையும் ஒரு சிறு செம்புக் கம்பியால் ஷார்ட் செய்யுங்கள். அந்த டெர்மினல் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை, அதாவது அறை வெப்பநிலைக்குக் கிட்டத்தட்ட, லாகர் காட்ட வேண்டும். காட்டினால் லாகர் மேல் பழி போடாதீர்கள்.


பத்தாம்_நம்பர்_ஸ்பேனர்
செவ்வாய், இரவு 11.02

இதற்கு ஏன் இவ்வளவு? லாகர் மெனுவில் ஆஃப்செட் இருக்கும். 38 கூட்டிவிடுங்கள், வேலை முடிந்தது. நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.


பிறை_சூளை
புதன், மாலை 6.50

கம்பிவடம் அண்ணனுக்கு நன்றி. கேட்டதெல்லாம் பார்த்தேன்.

ஜங்ஷன் பாக்ஸ் உண்டு. அடுப்பின் பக்கச் சுவரிலேயே திருகியிருக்கிறது. மதியம் கை வைத்தால் நன்றாகச் சுடுகிறது. லாகர் ஏர்கான் போட்ட சூப்பர்வைசர் அறையில். நடுவில் 18 மீட்டர் கேபிள்.

பழைய ஆறு சென்சாரிலும் சிவப்பு, வெள்ளை கம்பிகள்; மேலுறை நீலம். புது இரண்டும் பச்சை, வெள்ளை. லாகருக்குப் போகும் கேபிள் மேலே மஞ்சள் உறை, உள்ளே மஞ்சளும் சிவப்பும். அதை நாங்களே வாங்கினோம். கடையில் கே டைப் எக்ஸ்டென்ஷன் கேபிள் என்றுதான் கேட்டு வாங்கியது.

கையடக்க மீட்டரை 3ஆம் சேனல் முனைக்குப் பக்கத்தில் விட்டுப் பார்த்தேன்: 198. அதே நேரம் லாகரில் 3ஆம் சேனல் 160. இன்று காலை 8.30க்கு அடுப்பு சூடேறி முடிந்த உடனே பார்த்தபோது மீட்டர் அதே 198, லாகர் 186. நாள் ஏற ஏற வித்தியாசமும் ஏறுகிறது!

ஷார்ட் செய்து பார்த்தேன். 25 காட்டியது. அறையும் 25தான்.

வயர்மேன் அண்ணனிடமும் பேசினேன். சிவப்பைச் சிவப்போடு இணைத்ததாகச் சொன்னார். முதலில் சூடு ஏற ஏற லாகரில் எண் இறங்கியதாம். 'பிளஸ் மைனஸ் மாறிவிட்டது' என்று லாகர் பக்கத்தில் ஆறையும் மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டதாம்.


கம்பிவடம்
புதன், இரவு 9.05

கிடைத்துவிட்டது. 'மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது' என்ற வார்த்தையில்தான் உங்கள் 38 டிகிரி ஒளிந்திருக்கிறது.

உங்கள் பழைய சென்சார் பழைய ஜப்பானிய நிற முறை: நீல உறை, சிவப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். நீங்கள் வாங்கிய கேபிள் அமெரிக்க முறை: மஞ்சள் உறை, மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஆம், அமெரிக்க முறையில் தெர்மோகப்பிள் எந்த டைப் ஆனாலும் சிவப்புதான் மைனஸ். பேட்டரியிலும் மீட்டரிலும் சிவப்பைப் பிளஸ் என்று பார்த்துப் பழகிய எவரும் இங்கே தடுக்கித்தான் விழுவார். வயர்மேன் மேல் கோபப்படாதீர்கள். நானும் விழுந்திருக்கிறேன். புது சென்சார்கள் இரண்டும் சர்வதேச ஐ.இ.சி. முறை: பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். பழைய பிரிட்டிஷ் முறையில் இதே கே டைப்புக்குப் பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், உறை சிவப்பு. நம் ஊரில் அமெரிக்க மெஷின், ஜப்பான் மெஷின், ஐரோப்பிய மெஷின் எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஓடுவதால் நிறத்தை நம்பினால் இப்படித்தான்.

இப்போது நடந்ததைப் பார்ப்போம். ஜங்ஷன் பாக்ஸில் சென்சாரின் பிளஸ், கேபிளின் மைனஸோடு சேர்ந்தது. அது முதல் தப்பு. லாகரில் எண் தலைகீழாக ஓடியது. அதைச் சரிசெய்ய லாகர் முனையில் திருப்பிப் போட்டார்கள். அது இரண்டாவது தப்பு. இப்போது சென்சாரின் பிளஸ் லாகரின் பிளஸுக்கு வருகிறது, எண்ணும் சூட்டோடு ஏறுகிறது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நடுவில் இருக்கும் 18 மீட்டர் கேபிள் தலைகீழாகக் கிடக்கிறது.

கிடந்தால் என்ன என்று கேட்பீர்கள். முனையில்தான் மின்னழுத்தம் பிறக்கிறது என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அப்படியில்லை. முனை வெறும் முடிச்சு. கம்பி நெடுக எங்கெல்லாம் ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் இருக்கிறதோ, அங்கெல்லாம் இரண்டு உலோகங்களிலும் வேறு வேறு அளவில் அது பிறக்கிறது. கே டைப்பில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் வித்தியாசம். சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள இந்த உறவை சீபெக் கண்டது 1821இல். ஆக உங்கள் எக்ஸ்டென்ஷன் கேபிளும் சென்சார்தான். பாக்ஸுக்கும் அறைக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசத்தை அளப்பது அதன் வேலை. நேராக இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கூட்டித் தரும். தலைகீழாக இருந்தால் கழித்துவிடும். கூட்ட வேண்டியதைக் கூட்டாமல் விட்டது ஒரு மடங்கு, கழித்தது இன்னொரு மடங்கு. மொத்தம் இரண்டு மடங்கு பிழை.

கணக்குப் போடுங்கள். அறை 25. மதியம் 38 டிகிரி குறைகிறது, பாதி 19. அப்படியானால் மதியம் பாக்ஸுக்குள் 44 இருக்க வேண்டும். காலையில் 12 குறைந்தது, பாதி 6, பாக்ஸ் 31. போய் அளந்து பாருங்கள். நான் சொல்வது தப்பு என்றால் ஒரு தே தாரிக் வாங்கித் தருகிறேன்.

ஸ்பேனர் தம்பி, ஆஃப்செட் ஏன் கூடாது என்று இப்போது புரிகிறதா? மதியத்துக்கு 38 கூட்டினால் காலையில் 26 டிகிரி அதிகமாகக் காட்டும். யாராவது பாக்ஸ் பக்கம் ஒரு ஃபேன் வைத்தால் மறுபடியும் வேறு எண்.


பத்தாம்_நம்பர்_ஸ்பேனர்
புதன், இரவு 9.30

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் இடத்தில் நடுவில் போட்டிருப்பது சாதாரணச் செம்புக் கேபிள். அதில் தலைகீழ் என்ற பேச்சே இல்லையே?


கம்பிவடம்
புதன், இரவு 9.44

இல்லை. அதில் ஒரு மடங்கு பிழைதான். செம்புக்குச் செம்பு போனால் அந்த 19 டிகிரி கூட்டப்படவும் இல்லை, கழிக்கப்படவும் இல்லை, விடுபட்டுப் போகிறது. உங்கள் பாக்ஸும் லாகரும் ஒரே சூட்டில் இருந்தால் தப்பித்தீர்கள்.


பிறை_சூளை
வியாழன், இரவு 10.15

அண்ணே, தே தாரிக் நான்தான் வாங்கித் தர வேண்டும்! மதியம் 2 மணிக்குப் பாக்ஸுக்குள் கையடக்க மீட்டரின் முனையை விட்டு மூடியைச் சாத்திவைத்தேன். 44. கிளார்க் அக்கா நான் ஜாதகம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மாற்றுவதற்கு முன்னால் கேபிளில் எது பிளஸ் என்று நிறத்தை நம்பாமல் உறுதி செய்ய வழி உண்டா? வாங்கிய கடையில் மேலுறையில் ஒன்றும் அச்சிடவில்லை.


சாலிடர்_சரசு
வியாழன், இரவு 10.40

காந்தம் வையுங்கள். கே டைப்பில் மைனஸ் கம்பி அலுமெல், அது காந்தத்தில் ஒட்டும். பிளஸ் கம்பி குரோமெல், அது ஒட்டாது. ஜே டைப் என்றால் நேர்மாறு: பிளஸ் இரும்பு, அதுதான் ஒட்டும். டி டைப்பில் செம்பும் கான்ஸ்டன்டனும், இரண்டுமே ஒட்டாது.

ஒரு எச்சரிக்கை. கே டைப்புக்கென்று மலிவாக விற்கும் காம்பென்சேட்டிங் கேபிள் சிலவற்றில் உள்ளே இருப்பது செம்பும் கான்ஸ்டன்டனும். அது 100 டிகிரிக்குக் கீழே மட்டும் கே டைப் மாதிரி நடிக்கும். அதில் காந்தம் எதிலும் ஒட்டாது. சீவிப் பார்த்தால் ஒரு கம்பி செம்பு நிறத்தில் இருக்கும், அது பிளஸ். உங்கள் பாக்ஸ் 44 டிகிரிதான் என்பதால் அப்படி இருந்தாலும் பாதகமில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு இதையும் செய்யுங்கள்: ஜங்ஷன் பாக்ஸை மட்டும் ஹேர் டிரையரால் சூடாக்கி லாகரைப் பாருங்கள். சரியாக இணைத்த சேனலில் எண் அசையக் கூடாது. பாக்ஸ் சூடானால் சென்சார் பக்கம் குறைவதைக் கேபிள் பக்கம் ஈடுகட்டிவிடும். அசைந்தால் அந்த இணைப்பு தப்பு. தெர்மோகப்பிள் இணைப்பைச் சோதிக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது. படம், நிறம், லேபிள் எதுவும் வேண்டாம்.


பிறை_சூளை
வெள்ளி, இரவு 11.30

செய்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த கொம்தார் படம் போட்ட காந்தத்தை எடுத்துப் போனேன். எந்தக் கம்பியிலும் ஒட்டவில்லை. கேபிள் போலி என்றே நினைத்துவிட்டேன். அப்புறம் பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து அதிலிருந்த காந்தத்தை எடுத்தேன். கேபிளைத் தொங்கவிட்டு அருகில் கொண்டுபோனதும் சிவப்புக் கம்பி மெல்ல வளைந்து வந்து ஒட்டிக்கொண்டது. மஞ்சள் அசையவே இல்லை. பழைய சென்சாரில் வெள்ளை ஒட்டியது, சிவப்பு ஒட்டவில்லை. ஒரே பாக்ஸுக்குள் ஒரு சிவப்பு ஒட்டுகிறது, இன்னொரு சிவப்பு ஒட்டவில்லை. வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் பேசவே இல்லை.

ஹேர் டிரையர் தங்கச்சியுடையது. அடுப்பு ஆறி எல்லாச் சேனலும் 30 பக்கம் வந்த பிறகு பாக்ஸைச் சூடாக்கினேன். 1 முதல் 6 வரை இறங்க ஆரம்பித்து ஒரு கட்டத்தில் பூஜ்ஜியத்துக்கும் கீழே போயின! பிறையில், இரவு 9 மணிக்கு, மைனஸ் 5 டிகிரி. 7, 8 இரண்டும் தங்கள் பாட்டுக்கு 30ஐச் சுற்றியே நின்றன.

பிறகு பாக்ஸில் வெள்ளையைச் சிவப்போடும் பழைய சிவப்பை மஞ்சளோடும் போட்டு, லாகரில் மஞ்சளைப் பிளஸுக்கு மாற்றினேன். 4ஆம் சேனலில் லாகர் பக்கம் மாற்ற மறந்து, அது மட்டும் தலைகீழாக ஓடி ஒரு பயம் காட்டியது. இப்போது ஹேர் டிரையர் வைத்தால் எட்டும் அசைவதில்லை. அடுப்பை மறுபடி ஏற்றிப் பார்த்தேன்: 1 முதல் 6 வரை 196 முதல் 199.

ஆக, 'கெட்டுப்போனது' என்று வீசப் பார்த்த 7, 8 தான் இத்தனை நாள் உண்மை சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் அவை இன்னும் குதிக்கின்றன. ஹீட்டர் ஓடும்போது மட்டும்.


தே_ஓ_கோசோங்
சனி, காலை 7.20

மைனஸ் 5ஐப் படம் எடுத்து வைத்தாயா தம்பி? கொடிமலையில்கூட அவ்வளவு குளிராது.


சாலிடர்_சரசு
சனி, காலை 10.05

7, 8 பற்றி. புது சென்சாரின் மேற்குழாய்க்கும் உள்கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். லாகரிலிருந்து கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், அடுப்பு ஆறியிருக்க வேண்டும். சில ஓம் காட்டினால் அது கிரவுண்டட் வகை, முனை குழாயோடு சேர்த்து வெல்ட் செய்யப்பட்டது. பல மெகாஓம் என்றால் அன்கிரவுண்டட், முனை குழாயைத் தொடாமல் உள்ளே தனியாக இருக்கிறது. பழையவை ஆறும் அன்கிரவுண்டட் ஆக இருக்கும் என்பது என் ஊகம்.

கூடவே அடுப்பு உடலுக்கும் லாகரின் எர்த்துக்கும் இடையே ஏ.சி. வோல்ட் எவ்வளவு, சென்சார் கேபிள் ஹீட்டர் கேபிளோடு ஒரே டிரேயில் ஓடுகிறதா, லாகரில் பவர் லைன் ஃபில்டர் 50ஆ 60ஆ என்றும் பாருங்கள்.


பிறை_சூளை
சனி, மதியம் 1.30

பழையவை எல்லாம் மெகாஓம். புது இரண்டும் 4 ஓம். அடுப்பு உடலுக்கும் லாகருக்கும் நடுவில் ஹீட்டர் ஓடும்போது 1.6 வோல்ட் ஏ.சி. ஒரே டிரேயில்தான் ஓடுகிறது, ஹீட்டர் கேபிளோடு தோளில் கை போட்டுக்கொண்டு. ஃபில்டர்... 60.


சாலிடர்_சரசு
சனி, மதியம் 2.10

நான்கும் ஒரே நேரத்தில் கையில் கிடைப்பது அபூர்வம்!

1.6 வோல்ட் சின்னதாகத் தெரியும். ஆனால் 198 டிகிரிக்குக் கே டைப் தரும் மொத்த மின்னழுத்தமே சுமார் 8 மில்லிவோல்ட். அதைப் போல 200 மடங்கு சத்தம் பக்கத்தில் நின்று கத்துகிறது. கிரவுண்டட் முனை வழியாக அது நேரே லாகருக்குள் நுழைகிறது. சேனல்களுக்குள் ஐசொலேஷன் (ஒன்றின் மின்சாரம் இன்னொன்றைத் தொடாதபடி பிரித்து வைப்பது) உள்ள லாகர் என்றால் தாங்கும். இல்லாத மலிவு வகை தடுமாறும்.

அந்த இரண்டையும் அன்கிரவுண்டட் ஆக மாற்றுவதுதான் சுலபம். கிரவுண்டட் வகை வேகமாகச் சூட்டை உணரும் என்பதற்காகத்தான் வாங்குவார்கள். பவுடர் கோட்டிங் அடுப்பில் சில வினாடித் தாமதம் யாருக்கும் தெரியப்போவதில்லை. கேபிளை ஹீட்டர் டிரேயிலிருந்து பிரித்துவிடுங்கள். குறுக்கே கடக்க வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஷீல்டு இருந்தால் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் செய்தால் ஷீல்டே மின்சாரம் ஓடும் பாதையாகிவிடும்.

ஃபில்டரை இன்றே 50க்கு மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. லாகர் சரியாக அந்த 20 மில்லிவினாடி அளந்து சராசரி எடுத்தால் மேலே ஏறியதும் கீழே இறங்கியதும் ஒன்றையொன்று தின்றுவிடும். 60க்கு வைத்தால் முழுச் சுற்று முடிவதற்குள் கடையைச் சாத்திவிடுகிறது. மிச்சம் எண்ணில் குதிக்கிறது.


நிபோங்_மாணவன்
சனி, மதியம் 3.45

சரசு அக்கா, மன்னிக்கவும், நடுவில் நுழைகிறேன். நிபோங் திபாலில் படிக்கிறேன். இறுதியாண்டு புராஜெக்டுக்கு மேக்ஸ் 31856 சிப் வைத்து கே டைப் அளக்கிறேன். எண் ஒரே இடத்தில் நிற்பதே இல்லை. அதிலும் இந்த 50, 60 உண்டா?


சாலிடர்_சரசு
சனி, மாலை 4.00

உண்டு தம்பி. அந்தச் சிப் விழிக்கும்போது 60இல்தான் விழிக்கும். முதல் கட்டமைப்பு ரெஜிஸ்டரின் கடைசி பிட்டை 1 ஆக்கினால் 50. தானாக அளந்துகொண்டே இருக்கும் முறையை நிறுத்திவிட்டு அந்தப் பிட்டை மாற்று. இணையத்திலிருந்து எடுத்த கோடு 60 ஹெர்ட்ஸ் நாட்டில் எழுதியதாக இருந்தால் இதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

மேக்ஸ் 31855 வைத்திருக்கும் நண்பர்களிடமும் சொல். அதில் கிரவுண்டட் சென்சார் போட்டால் பழுது என்று கத்தும். சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.


தே_ஓ_கோசோங்
சனி, இரவு 8.30

இழை சூடு பிடித்துவிட்டதால் என் குறையையும் சொல்கிறேன். நான் கணினியோடு இணைக்கும் டேட்டா அக்விசிஷன் கார்டில் டிஃபரென்ஷியல் முறையில் அன்கிரவுண்டட் கே டைப் போட்டிருக்கிறேன். அரை மணி நேரம் நன்றாக இருக்கும். பிறகு எண் மெல்ல நகர்ந்து எல்லைக்கு வெளியே ஓடிவிடும். கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்.


கம்பிவடம்
சனி, இரவு 9.15

எதையும் தொடாத சென்சார் நங்கூரம் இல்லாத படகு. டிஃபரென்ஷியல் உள்ளீடு பிளஸுக்கும் மைனஸுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கும். ஆனால் இரண்டும் சேர்ந்து கார்டின் கிரவுண்டிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு, பல கார்டுகளில் 10 வோல்ட் பக்கம். உள்ளீட்டில் கசியும் துளி மின்னோட்டம் போய்ச்சேர வழியில்லாமல் இரண்டு கம்பியையும் மெல்ல அந்த எல்லைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. மைனஸ் முனையிலிருந்து கார்டின் அனலாக் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் முதல் 100 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். நேரடியாகக் கம்பியால் கட்ட வேண்டாம். நாளைக்கு யாராவது கிரவுண்டட் சென்சார் மாட்டினால் அந்தக் கம்பியே கிரவுண்ட் லூப் ஆகும், அதாவது வேண்டாத மின்னோட்டம் சுற்றி ஓடும் பாதை. தெர்மோகப்பிளுக்கென்றே வரும் மாட்யூல்களில் இது பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

உங்கள் டெர்மினல் மேல் ஏர்கான் காற்று நேரே அடிக்கிறதா?


தே_ஓ_கோசோங்
சனி, இரவு 9.22

அண்ணே, சி.சி.டி.வி. வைத்திருக்கிறீர்களா என்ன? ஆம், தலைக்கு மேலேயே.


கம்பிவடம்
சனி, இரவு 9.40

குளிர்முனையை, அதாவது கம்பிகள் கார்டில் வந்து சேரும் டெர்மினலின் சூட்டை, தெர்மோகப்பிள் அளக்காது, டெர்மினலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன தெர்மிஸ்டர்தான் அளக்கிறது. திருகும் தெர்மிஸ்டரும் ஒரே சூட்டில் இருந்தால்தான் கணக்கு சரி. காற்று அடித்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திருகுகள் முதலில் குளிரும், உள்ளே இருக்கும் தெர்மிஸ்டர் தாமதமாகக் குளிரும். அங்கே 2 டிகிரி வித்தியாசம் என்றால் உங்கள் எண்ணிலும் ஏறத்தாழ 2 டிகிரி பிழை. டெர்மினலுக்கு மூடி கொடுத்திருப்பார்கள், எங்கேயாவது டிராயரில் கிடக்கும். தேடி மாட்டுங்கள்.


பத்தாம்_நம்பர்_ஸ்பேனர்
ஞாயிறு, காலை 11.00

இதையும் கேட்டுவிடுகிறேன். எங்கள் ஜங்ஷன் பாக்ஸில் இருப்பது சாதாரண பித்தளை டெர்மினல். கே டைப் பிளக்தான் போட வேண்டும் என்று ஒருவர் சண்டைக்கே வருகிறார். பித்தளை நடுவில் வந்தால் பிழை வராதா?


சாலிடர்_சரசு
ஞாயிறு, மதியம் 12.15

பித்தளைத் துண்டின் இரண்டு முனையும் ஒரே சூட்டில் இருந்தால் அது இல்லாத மாதிரிதான். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி என்றால்தான் அது தன் பங்குக்குப் பேச ஆரம்பிக்கும். 2 சென்டிமீட்டர் டெர்மினல் மூடிய பாக்ஸுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். அடுப்புச் சுவரில் பாதியும் வெளியே பாதியுமாக நின்றால் பிளக் போடுங்கள். பிளக்கில் இன்னொரு வசதி, ஒரு முள் பெரிது, ஒரு முள் சின்னது. மாற்றிச் செருக முடியாது. பிறை தம்பிக்கு அது இருந்திருந்தால் இந்த இழையே இல்லை.

இதோடு ஒட்டிய ஒன்று. நான் பாயான் லெப்பாஸில் ரீஃப்ளோ அடுப்புகளோடு (சர்க்யூட் போர்டில் சாலிடரை உருக்கிப் பாகங்களை ஒட்டும் அடுப்பு) வேலை செய்பவள். சர்க்யூட் போர்டில் தலைமுடி மாதிரி மெல்லிய கே டைப் ஒட்டி அடுப்பில் அனுப்புவோம். ஈயமில்லா சாலிடர் உருகுவது 217 டிகிரியில். புதிதாக வந்த ஒருவர், முனை பிரிந்துவிடக் கூடாது என்று இரண்டு கம்பியையும் 2 சென்டிமீட்டர் நன்றாக முறுக்கி வெல்ட் செய்திருந்தார். போர்டில் ஒட்டியது நுனி. முறுக்கின் மறுகோடி காற்றில். லாகர் பார்ப்பது நுனியை அல்ல, லாகரிலிருந்து வரும்போது இரண்டு கம்பியும் முதலில் எங்கே தொட்டுக்கொள்கின்றனவோ அந்த இடத்தை. அவர் அளந்தது போர்டின் சூட்டை அல்ல, அடுப்புக் காற்றின் சூட்டை. இரண்டு நாள் அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தோம்.


பிறை_சூளை
புதன், இரவு 9.50

அன்கிரவுண்டட் இரண்டு வந்து மாட்டியாகிவிட்டது. டிரேயைப் பிரித்தேன், ஃபில்டர் 50. 7, 8 இப்போது அரை டிகிரிகூட ஆடவில்லை.

மாட்டுவதற்கு முன் எட்டையும் ஐஸில் சோதித்தேன். ஐஸ் கச்சாங் கடையில் சிரப் ஊற்றாமல் வெறும் துருவல் ஐஸ் கேட்டதற்குக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஃபிளாஸ்கில் அமுக்கி நிரப்பி, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர். எட்டும் பூஜ்ஜியத்திலிருந்து 1.5க்குள்.

இனி ஒரே தலைவலி பழைய பதிவுகள். மூன்று வாரக் காகிதத்தில் 160 என்று இருக்கிறது. வாடிக்கையாளர் அந்த லோடு எதையும் ஏற்கவில்லை. இப்போது காரணம் தெரிந்துவிட்டதே, கணக்குப் போட்டு 198 என்று திருத்திக் கொடுக்கலாமா?


கம்பிவடம்
புதன், இரவு 10.20

வேண்டாம். அந்த மூன்று வாரமும் பாக்ஸ் எவ்வளவு சூட்டில் இருந்தது என்று நீங்கள் எழுதி வைக்கவில்லை. 44 என்பது ஒரு வியாழன் மதியத்தின் எண். அதை வைத்து மற்ற நாள்களைத் திருத்துவது பதிவு ஆகாது. ஆனால் 7, 8 இரண்டும் குதித்தாலும் பதிவாகித்தானே இருக்கின்றன? மூலப் பதிவை அப்படியே கொடுங்கள். தப்பு என்ன, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஹேர் டிரையர் சோதனை முதல் எழுதிக் கொடுங்கள். பெயின்ட் வெந்ததா என்பதைப் பெயின்டிடமே கேட்கலாம். மாதிரித் தகடு எடுத்து வைத்திருக்கிறீர்களா?


பிறை_சூளை
திங்கள், இரவு 8.05

இருந்தன. ஒவ்வொரு லோடிலும் ஒரு தகடு எடுத்து வைப்பது முதலாளியின் பழைய பழக்கம். வாடிக்கையாளரின் ஆளே வந்து எம்.இ.கே. கரைப்பானில் துணியை நனைத்து ஒவ்வொன்றையும் தேய்த்துப் பார்த்தார். துணியில் நிறம் ஏறவில்லை, பெயின்ட் வெந்துதான் இருக்கிறது. எல்லா லோடையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஜங்ஷன் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்: 'நீல உறை சென்சார்: சிவப்பு பிளஸ். பச்சை உறை சென்சார்: பச்சை பிளஸ். மஞ்சள் கேபிள்: சிவப்பு மைனஸ். சந்தேகம் வந்தால் காந்தம்.' காந்தத்தையும் அங்கேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். இன்று மூடியைத் திறந்தால், அந்தக் காகிதத்துக்குக் கீழே வயர்மேன் அண்ணன் மார்க்கரில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: 'சிவப்பை மைனஸ் ஆக்கியவன் யார்?'